அம்மாவின் முறை

இராஜாக்கமங்கலம்
02-06-2024

சிந்தியா அக்காவுக்கு வணக்கம்.

நான் அபிஷா. உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஏழு மாதமாக உங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கிறேன். வயது பதினெட்டு. ஊர் சுசீந்திரம் பக்கம். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விலாசத்தை ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கும் ஞானசெல்வி அக்கா தந்தார்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். உங்கள் அப்பா ஜேசுதாஸ் சார் சுகம். உங்கள் தம்பி ஸ்டெனி அண்ணனும் அவர் மனைவி ரெஜிலா அக்காவும் சுகம். அம்மாவின் பெயரை அந்த வரிசையில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஞானசெல்வி அக்கா போனில் பேசச் சொன்னார். எனக்குப் போனில் பேச வராது. நேரில் பேசவே வராது. யாராவது முகத்தைப் பார்த்தால் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். எழுதும்போது நிற்பதில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஜெபம் நடக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் பார்த்தபடி எழுதுகிறேன். பெரிய எழுத்து வேதப் புத்தகம் ஒன்றே ஒன்று கை மாறி வரும். சார் ஒரு வசனம், ஸ்டெனி அண்ணன் ஒன்று, ரெஜிலா அக்கா ஒன்று. அடுத்தது அம்மாவின் முறை. அம்மா படுத்த பிறகும் சார் அந்த முறையை எடுத்துவிடவில்லை. ரெஜிலா அக்கா புத்தகத்தை விரித்தபடியே அம்மாவின் நெஞ்சில் வைப்பார். ஒரு வசனம் வாசிக்கும் நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு சார் புத்தகத்தை எடுத்து அடுத்த வசனத்தை வாசிப்பார். நான் வேறு வழிபாட்டைச் சேர்ந்தவள், எனக்கு முறை கிடையாது. தலைமாட்டில் துண்டோடு நிற்பேன். நான் கண்ணை மூட வேண்டியதில்லை என்பதால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா, அம்மாவின் மூச்சுக்குத் தக்கபடி அந்தப் புத்தகம் ஏறி இறங்க வேண்டும் அல்லவா. ஏறுகிறது. உடனே இறங்குவதில்லை. ஏறின இடத்தில் நிற்கிறது. வசனம் முடிகிற நேரத்துக்குத்தான் இறங்குகிறது. சின்ன வசனம் என்றால் கொஞ்ச நேரம் நிற்கிறது. பெரிய வசனம் என்றால் அதிக நேரம் நிற்கிறது. பதினாறு நாளாகப் பார்க்கிறேன்.

கண் திறந்திருக்கும், உள்ளே உணர்வு இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன். இப்போது அம்மாவுக்கு உடை மாற்றும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. பதில் எழுதினால் ஞானசெல்வி அக்கா கடைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அபிஷா


புனே
11-06-2024

அன்புள்ள அபிஷா,

நான்கு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. உறையைக் கிழிக்காமல் ஒரு நாள் முழுக்கப் பையில் வைத்திருந்தேன்.

உனக்கு ஞானசெல்வி எவ்வளவு சொல்லியிருப்பாள் என்று தெரியாது. நான் அனில்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டேன். சபைக்கு வெளியே, அப்பாவின் சம்மதம் இல்லாமல். அன்றிலிருந்து என் பெயரை அந்த வீட்டில் சொல்லக் கூடாது. இரண்டு வருடம் முன்பு அம்மா பக்கவாதம் வந்து விழுந்த அன்று ஸ்டெனிதான் போனில் கூப்பிட்டான். "அப்பா இருக்கும்போ நீ வராத, இருக்குத சங்கடம் போதும்" என்றான். நான் போகவில்லை.

இனி உன் கேள்வி. நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளியின் தலையில் வயர்களை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். நெஞ்சில் கனம் ஏறினால் மூச்சு தயங்கும். கனத்தை எடுத்தால் இறங்கும். அப்பா வசனத்தின் அளவுக்குக் காத்திருந்து எடுக்கிறார், அவ்வளவுதான். அதோடு முப்பத்தைந்து வருடமாக அம்மா அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு பழகியிருக்கும். நீ நல்ல உறக்கத்தில் இருக்கும்போதும் உன் கை கொசுவை அடிக்கும். அடித்தது யார் என்று காலையில் கேட்டால் உனக்குத் தெரியாது.

ஆசைப்பட்டுவிடாதே மக்கா. ஏமாற்றம் பொல்லாதது. ஆனால் அந்தக் கூச்சத்தை மட்டும் விட்டுவிடாதே. அம்மா அப்படிப்பட்டவள். உடை மாற்றும்போது நாய்க்குட்டி உள்ளே வந்தால்கூடக் கதவைச் சாத்தச் சொல்வாள்.

உன் அக்கா,
சிந்தியா


இராஜாக்கமங்கலம்
23-06-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞானசெல்வி அக்கா அதை ஒரு ரவிக்கைத் துணிக்குள் மடித்துத் தந்தார். நீங்கள் சொன்னதை நம்பி, மூன்று நாள் புத்தகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் டியூபில் ராகிக் கஞ்சி கொடுக்கும்போது தெறித்து, கட்டில் பக்கத்தில் இருந்த புத்தகத்தில் விழுந்துவிட்டது. துடைத்தேன். ஆனால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய் அன்று வந்தது வெறும் பெயர்ப் பட்டியல். இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்டெனி அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டு வாசித்தார். சார், "ஏலே, வாயை மூடிட்டு வாசி" என்றார். "வாயை மூடிட்டு எப்பிடிப்பா வாசிக்க?" என்றார் அண்ணன். ரெஜிலா அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டே பக்கத்தின் கடைசி வசனத்தை வாசித்து, தாளைத் திருப்பி அம்மாவின் நெஞ்சில் வைத்தார். ஒட்டியிருந்ததால் இரண்டு தாள் சேர்ந்து திரும்பிவிட்டது. அங்கேயும் பெயர்கள்தான், அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பிய பக்கத்தில் முதல் வசனம் அரை வரி. சார் உடனே புத்தகத்தை எடுத்து அடுத்ததை வாசிக்கத் தொடங்கினார். அம்மாவின் நெஞ்சு இறங்கவில்லை.

கனம் போய்விட்டது அக்கா. புத்தகம் சார் கையில் இருந்தது. அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் நெஞ்சு தூக்கின இடத்திலேயே நின்றது. மூச்சு போய்விட்டது என்று நினைத்தேன். எண்ணினேன். பத்தொன்பது வந்தபோது மூச்சு பையப் பைய வெளியே வந்தது.

மறுநாள் காலையில்தான் ஒட்டின தாளைக் கண்டேன். ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். மறைந்திருந்த பக்கத்தின் முதல் வசனம் நான்கு வரி. அது அம்மாவுக்கு வர வேண்டியது. மனதுக்குள் வாசித்து எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

வீட்டில் எல்லோரும் தவறான பக்கத்தில் இருந்தார்கள். அம்மா மட்டும் சரியான பக்கத்தில் இருந்தார். அவர் கண்ணுக்குப் பக்கம் தெரியாது, புத்தகம் கூரையைப் பார்த்து விரிந்திருக்கும். இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அபிஷா


புனே
02-07-2024

அன்புள்ள அபிஷா,

வேலை நேரத்தில் படித்துவிட்டேன். அடுத்த நோயாளிக்கு வயரை இடம் மாற்றி ஒட்டி, டாக்டரிடம் வசவு வாங்கினேன்.

சரி, அம்மாவுக்கு அந்த அதிகாரம் மனப்பாடமாக இருக்கிறது, முந்தின நாள் எங்கே நிறுத்தினார்கள் என்பதும் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய விஷயம்தான். ஆனால் மனப்பாடத்துக்கு ஆள் வேண்டியதில்லை. என் போனில் லட்சம் வசனம் ஏற்றி, தினமும் ஏழு மணிக்கு அடுத்ததை எடு என்று சொன்னால் எடுக்கும். அதற்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பயம் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒருவர் கண்ணில் பச்சை வெளிச்சம் காட்டினால் மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவேன். வலித்தால் எந்தக் கோடு துள்ளும் என்று காட்டுவேன். ஆனால் அந்தப் பச்சை அவருக்கு எப்படி இருக்கிறது, அந்த வலி யாருக்கு வலிக்கிறது என்பது எந்தத் தாளிலும் வராது. எல்லாக் கோடும் சரியாக ஓடி, உள்ளே ஒருவரும் இல்லாமல் இருந்தாலும் தாள் இதே மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நாள் பஸ்ஸில் எதிரே உட்காருபவர்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். அனில் சிரிக்கும்போதுகூட, சிரிப்பது இருக்கிறது, சிரிப்பவன் இருக்கிறானா என்று தோன்றும். பிறகு பழகிவிட்டது. எல்லோருக்குள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு மரியாதைக்காக வைத்துக்கொள்கிறோம்.

உனக்குள்ளும் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னிடம் வந்து சேருவது காகிதம் மட்டும்தான்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். மழையைப் பற்றி எழுது. வயலைப் பற்றி எழுது. மத்தி மீன் என்ன விலை என்று எழுது.

சிந்தியா


இராஜாக்கமங்கலம்
14-07-2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பெய்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கன்னிப்பூ நெல் வயல் பச்சையாக இருக்கிறது. மத்தி கிடைக்கவில்லை. நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். இனி நான் எழுத வந்ததை எழுதட்டுமா?

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவோடு தாங்கலுக்குக் கும்பிடப் போனேன். நாங்கள் அய்யாவழி. எங்கள் தாங்கலில் உள்ளே சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு இருக்கும். கும்பிட நின்றால் நம்மைத்தான் பார்ப்போம். சின்ன வயதிலிருந்து நான் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே கும்பிட்டுவிட்டு வருவேன். உங்கள் கடிதத்தை நினைத்து இந்தத் தடவை பார்த்தேன். என் கண் என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இருப்பது யார் என்று தேடினேன். தேடத் தேட முகம் எனக்குத் தெரியாத பெண்ணின் முகமாக ஆகிவிட்டது. அவள் என்னைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து, "என்ன மக்கா, தலை சுத்துகா?" என்று கேட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். உங்களுக்குப் பஸ்ஸில் வந்த பயம் இதுதானா?

இனி முக்கியமானது. வியாழக்கிழமை மதியம் சாரும் ஸ்டெனி அண்ணனும் அம்மாவின் அறையில் நின்று பேசினார்கள். நான் அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் கட்டிலில் ஒரு தலையணை மாதிரிதான் நினைப்பார்கள்.

அண்ணன் சொன்னார், "இனி சளி பிடிச்சு காய்ச்ச வந்தா ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்ப்பா. போன தடவ குத்திக் குத்தி கை பூரா கறுத்துப் போச்சு. டாக்டரும் அதான் சொல்லுகாரு."

ரெஜிலா அக்கா வாசலில் நின்று, "பையப் பேசுங்க" என்றார்.

"யாருக்குக் கேக்கப் போவுது?"

சார் போய்ச் சாரல் அடித்த ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "உள்ள ஆளிருந்தா நான் சம்மதிப்பனாலே? ஆளு போயி ரெண்டு வருசம் ஆச்சு. உடம்ப வச்சிக் காத்துட்டு இருக்கோம். சரி, உன் இஷ்டப்படி செய்வோம்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை அக்கா. சொல்லிவிட்டு அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுத்தான் போனார்.

அவர்கள் போன பிறகு பார்த்தேன். அம்மாவின் கழுத்து முழுவதும் வியர்த்திருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த காய்ச்சல் மழை முடிவதற்குள் வந்துவிடும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்குச் சொல்லவும் வராது. நீங்கள் படித்தவர். நீங்கள் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா உள்ளே இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அபிஷா


புனே
22-07-2024

அபிஷா,

தப்பில்லை. நீ எழுதியது சரி.

இதோடு ஒரு சின்ன உறை ஒட்டி வைத்திருக்கிறேன். அதைத் திறக்காதே. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அம்மாவின் நெஞ்சில் புத்தகத்தை வை. கீழே உள்ள ஆறு கேள்விகளைக் கேள். ஆமாம் என்றால் மூச்சைப் பிடிக்கச் சொல். இல்லை என்றால் சும்மா விடச் சொல். ஒவ்வொன்றையும் வேறு வேறு நாள் மூன்று முறை கேட்டு எழுதிக்கொள். எல்லாம் எழுதி முடித்த பிறகு உறையைத் திற. என் பதில்கள் அதில் இருக்கின்றன. பதில் முன்பே தெரிந்தால் உன் கண்ணே உன்னை ஏமாற்றும்.

1. எனக்கு முதலில் வைக்க நினைத்தது வேறு பெயரா?
2. அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?
3. ஸ்டெனி குளத்தில் விழுந்தபோது தூக்கினது நானா?
4. கல்யாணத்துக்கு முன்பு அம்மா வேலைக்குப் போயிருக்கிறாளா?
5. அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தாளா?
6. நான் வீட்டை விட்டுப் போன ஞாயிறு மதியம் அம்மா உறங்கிக்கொண்டிருந்தாளா?

ஆறும் சரியாக வந்தால் அப்பாவைக் கூப்பிடுகிறேன். எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி.

சிந்தியா


இராஜாக்கமங்கலம்
04-08-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரெஜிலா அக்கா சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போகும் நேரமும், சார் மதியம் உறங்கும் நேரமும் பார்த்துச் செய்தேன். முதல் நாள் பேசவே வரவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு நின்றேன். அம்மா கூரையைத்தானே பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தால்தானே பதில் தெரியும் என்று நினைவு வந்தது. மறுபடி கேட்டேன். அதையும் பொறுத்துக்கொண்டார்.

முதல் கேள்விக்குப் புத்தகம் நின்றது. இரண்டாவதற்கு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவதற்கு நின்றது. நான்காவதற்கு நின்றது. ஐந்தாவதற்கு நின்றது, மற்றதைவிட அதிக நேரம். மூன்று நாளும் இதே மாதிரிதான். ஆறாவதற்கு மூன்று நாளும் மூச்சு நிற்கவில்லை. இல்லை.

நேற்று உறையைத் திறந்தேன். ஐந்தும் நீங்கள் எழுதியிருந்தபடியே இருக்கிறது. ஆறாவதற்கு மட்டும் நீங்கள் ஆமாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில், ஒன்று தவறிவிட்டதே, இனி அக்கா நம்ப மாட்டார் என்று கவலையாக இருந்தது. பிறகு துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. அம்மா அன்று உறங்கினாரா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அது அம்மாவுக்குத்தானே தெரியும். கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். உங்கள் போனில் லட்சம் வசனம் ஏற்றினாலும், நீங்கள் ஏற்றாத ஒன்று அதிலிருந்து வராது அல்லவா.

நீங்கள் எழுதாத ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டேன். சிந்தியா அக்கா வரட்டுமா என்று கேட்டேன். புத்தகம் ஏறி நின்றது. இறங்கவே இல்லை. முப்பது எண்ணினேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "போதும்மா, போதும், புரிஞ்சிட்டு" என்று சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் விட்டார்.

எப்போது கூப்பிடுவீர்கள்?

அபிஷா


புனே
13-08-2024

மக்கா,

அந்த ஞாயிறு நான் பையோடு அம்மாவின் அறை வாசலில் நின்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் காத்திருந்தேன். திரும்பினால் போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. உறங்குகிறாள் என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினேன். நான்கு வருடமாக எனக்கு அந்த உறக்கம்தான் ஆறுதல். விழித்திருந்தால் தடுத்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் அறிந்துதான் விட்டிருக்கிறாள். தடுக்காமல் விட்டது சம்மதமா, கோபமா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீயும் கேட்காதே.

இரண்டு வருடமாக அவள் அந்தக் கட்டிலில் விழித்திருக்கிறாள் என்றால், வாசலில் ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். அதில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. எந்த முகத்தோடு போய் நிற்பேன்? போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மூன்று நாள் இப்படி.

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கும். அப்போது வரப் பார்க்கிறேன். அதுவரை நீ எதையும் சொல்லிவிடாதே. என் பெயர் காதில் விழுந்தால் அப்பா உன்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார். பிறகு அம்மாவுக்கு நீயும் இருக்க மாட்டாய்.

சிந்தியா


நாகர்கோவில்
01-09-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

திங்கள்கிழமை காய்ச்சல் வந்தது. செவ்வாய் காலையில் நெஞ்சில் சளி கொரகொரவென்று சத்தம் போட்டது. ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரெஜிலா அக்கா நல்ல விரிப்பு எடுத்து விரித்தார். ஸ்டெனி அண்ணன் பின்பக்கம் போய்த் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். போதகரைக் கூப்பிட ஆள் போயிற்று. நான் அம்மாவின் காதருகே குனிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டேன். அந்தக் கொரகொரப்பு நின்றது. அவ்வளவு இருமலிலும் அதை நிறுத்திப் பிடித்தார். கட்டில் அதிர்ந்தது.

நான் முன்னறைக்கு ஓடினேன். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது. திரும்பிப் போய், உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும், அந்தச் சின்ன உறையையும், நான் பதில் குறித்த நோட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

அவர் உங்கள் கையெழுத்தை அறிந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொன்றாக, தேதி பார்த்து அடுக்கி வாசித்தார். அதற்குள் அம்மா போய்விடுவாரோ என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். சின்ன உறையில் இருந்த தாளைக் கடைசியில் எடுத்தார்.

"ஏட்டி, இது எத்தன நாளாட்டு?" என்று கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணு நாளா?"

"மாசம்." சத்தம் வந்துவிட்டது.

அவர் அம்மாவின் அறைக்குள் போனார், கதவைச் சாத்தவில்லை. அம்மாவின் நெஞ்சில் கையை வைத்து, காதில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் கை ஏறி நின்றதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். கை இறங்கும்வரை அவரும் மூச்சு விடவில்லை. பிறகு வெளியே வந்தார். "ஏலே ஸ்டெனி, வண்டிய எடு" என்றார். அண்ணன் ஓடி வந்து, "என்னப்பா, நாம பேசினது..." என்று தொடங்கினார். "அவளுக்குக் கேக்கும்லே" என்றார் சார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காய்ச்சல் இறங்கிவிட்டது. அம்மாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் யாரும் அம்மாவின் பக்கத்தில் பேசுவதில்லை. முன்பெல்லாம் வீட்டில் ரெஜிலா அக்கா அம்மாவின் அறையில் உட்கார்ந்துதான் தன் அம்மாவிடம் போனில் பேசுவார், உங்கள் அம்மாவைப் பற்றியும் பேசுவார். இப்போது அவர் உள்ளே வருவதே இல்லை. ஸ்டெனி அண்ணன் வாசலில் நின்று டியூபை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். சார் தினமும் காலையில் அம்மாவிடம் ஒரு மணி நேரம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பவர். யாருக்கும் தெரியாத என்னென்ன சொன்னாரோ. இப்போது அந்நிய வீட்டுக்குள் போகிறவர் மாதிரிச் செருமிவிட்டு நுழைகிறார். சுவர் ஓரம் நிற்கிறார். வணக்கம் சொல்ல வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு வெளியேறுகிறார். ஆளில்லை என்று நினைத்தபோது அந்த அறையில் எப்போதும் பேச்சு இருந்தது. ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஐந்து நாளாக அம்மாவிடமிருந்து பதில் இல்லை. என்ன கேட்டாலும் மூச்சு ஒரே அளவாக ஓடுகிறது. டாக்டர் வந்து கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "முன்ன மாதிரிதான், மாற்றம் ஒண்ணும் இல்ல" என்றார். சார் திருப்பித் தந்த நோட்டைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். காய்ச்சலில் உள்ளே ஏதாவது அணைந்துபோயிற்றா, அல்லது இவர்கள் இப்படி ஒதுங்கி நிற்பதைப் பார்த்து அவரே பேச வேண்டாம் என்று இருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அதனால் நான் பேசுகிறேன் அக்கா. நான்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து பேசுகிறேன். நர்ஸ் வந்தாலும் நிறுத்துவதில்லை. எங்கள் வீட்டு ஆட்டைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று சொன்னேன், அதை என் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஜன்னலில் தெரியும் பஸ்களின் பெயரை எல்லாம் வாசித்தேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த நாலு கடிதம்தான், அதையும் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

சார் உங்களை வரச் சொல்லவில்லை. வரக் கூடாது என்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

கிறிஸ்மஸ்வரை முடியாது அக்கா. என்னிடம் சொல்ல இனி அதிகம் இல்லை. நாளைக்கு என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அபிஷா